பட்டனை அமுக்கினால் உறைந்துபோகிறது, சேர்!

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள் இவை. எல்லாமே பைதன் நிரல்மொழியோடு கூடவே வரும், விண்டோவும் பட்டனும் செய்ய உதவும் டிகின்டர் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: அண்ணாவின் பழைய கொப்பியைப் பார்த்து எழுதினேன் சேர். அப்படி ஒரு மொட்யூலே இல்லை என்கிறது.

அண்ணா படித்தது பைதன் 2 ஆக இருக்கும். அதில் டிகின்டரின் பெயர் பெரிய டீயில் தொடங்கும். பைதன் 3இல் எல்லாம் சின்ன எழுத்து. உபுண்டு லினக்ஸ் என்றால் பைதன்3-டிகே என்ற பொதியைத் தனியாக நிறுவவும் வேண்டும். அப்புறம் ஒன்று: உங்கள் ஃபைலுக்கே டிகின்டர் என்று பெயர் வைத்துவிடாதீர்கள் மகள். பைதன் முதலில் அதைத்தான் எடுக்கும்.

ஆரையம்பதி: பட்டனை அமுக்க முதலே செய்தி வந்துவிடுகிறது. அமுக்கினால் ஒன்றுமே நடப்பதில்லை.

பட்டனின் கமாண்டில், அதாவது அமுக்கினால் எதைச் செய்வது என்று சொல்லும் இடத்தில், ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். அடைப்புக்குறி இருந்தால் இப்பவே செய் என்று அர்த்தம். பெயரை மட்டும் கொடுங்கள், அமுக்கும்போது டிகின்டரே கூப்பிடும். விலையையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா, லாம்டா என்ற பெயரில்லாத சின்ன ஃபங்ஷனைப் போடுங்கள். லூப்பில் பத்து பட்டன் உண்டாக்கி, எதை அமுக்கினாலும் பத்தாவது பொருளின் விலையே வருகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். லாம்டா, லூப்பில் எண்ணிக்கொண்டு போகும் ஐ-யின் பெறுமதியை அமுக்கும் நேரத்தில்தான் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்துவிட்டதே! லாம்டாவுக்குப் பக்கத்தில் ஐ=ஐ என்று எழுதி அந்தந்தப் பெறுமதியை அங்கேயே பிடித்துவையுங்கள்.

சம்மாந்துறை, நெல் ஆலை: தராசின் நிறையை லெப்டொப்பில் காட்ட ஒரு விண்டோ செய்தேன். முடிவில்லாத வைல் லூப்பில் வாசிக்கிறேன், நடுவில் ஸ்லீப்பும் உண்டு. விண்டோ வெள்ளையாகி நின்றுவிடுகிறது. வெளியே லொறி நிற்கிறது சேர்.

முதலில் லொறியைப் பழையபடி கொப்பியில் எழுதி அனுப்பிவிடுங்கள் தம்பி.

விண்டோவை ஓட்டும் டிகின்டரின் மெயின்லூப் என்பது காசுமேசையில் தனியாக இருக்கும் முதலாளி மாதிரி. பட்டனைக் கவனிப்பதும் அவர்தான், எழுத்தை மாற்றுவதும் அவர்தான், விண்டோவை இழுத்தால் திரும்ப வரைவதும் அவரேதான். நீங்கள் அவரைப் பின்னால் கூப்பிட்டு, மூட்டையை எண்ணிக்கொண்டே இரு என்று விட்டுவிட்டீர்கள். முன்னால் வருபவருக்கு யார் பதில் சொல்வது? ஸ்லீப் போடுவது அவரை எண்ணும் இடத்திலேயே தூங்க வைப்பது போலத்தான். நானும் முதன்முதலில் ஸ்லீப் போட்டு ஒரு கடிகாரம் செய்து, லெப்டொப் பழுது என்று திருத்தும் கடைவரை தூக்கிக்கொண்டு போனவன்.

வைல் லூப்பைத் தூக்கிவிடுங்கள். ஒரே ஒரு தடவை நிறையை வாசித்து லேபிளில் போடும் ஃபங்ஷன் எழுதுங்கள். அதன் கடைசி வரியில் ஆஃப்டர் போட்டு, 200 மில்லி செக்கன் கழித்து இதையே திரும்பக் கூப்பிடு என்று சொல்லுங்கள். இங்கே ஃபங்ஷன் பெயருக்கு அடைப்புக்குறி வேண்டாம், ஆரையம்பதிக்காரருக்குச் சொன்னதேதான். தராசோடு பேச பைசீரியல் என்ற மொட்யூலைப் பாவிக்கிறீர்கள் என்றால் அதன் டைம்அவுட்டைச் சுழியமாக வையுங்கள், இல்லாவிட்டால் தராசு பேசும்வரை வாசிப்பே காத்துக் கிடக்கும். சுழியம் வைத்தால் சில தடவை பாதி எண்தான் கிடைக்கும். வந்ததைச் சேர்த்து வைத்து, வரி முடிந்த பிறகு காட்டுங்கள். உண்மையிலேயே நேரமெடுக்கும் வேலை என்றால் திரெட், அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் வேலை, சரி. ஆனால் திரெட்டுக்குள்ளிருந்து லேபிளைத் தொடாதீர்கள். விடையை ஒரு கியூவில், அதாவது வரிசையில், போட்டுவிட்டு, ஆஃப்டர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

செங்கலடி, தயிர்க்கடை: 2 சட்டியும் 3 சட்டியும் கூட்டினால் 23 என்கிறது.

என்ட்ரி என்ற எழுதும் பெட்டி தருவது எப்போதும் எழுத்துத்தான், எண் இல்லை. இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றிக் கூட்டுங்கள். காசுக் கணக்குக்கு ஃப்ளோட் என்ற தசம எண் வேண்டாம். 0.1உம் 0.2உம் கூட்டினால் பைதன் 0.30000000000000004 என்று காட்டும். எல்லாவற்றையும் சதத்தில் வைத்துவிட்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

அக்கரைப்பற்று: தமிழ் ஒழுங்காக வருவதில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பெயரைத் தேடினால் கிடைப்பதும் இல்லை.

இவை இரண்டு வெவ்வேறு வியாதி. பாமினி யூனிகோட் இல்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி விசைப்பலகை கைக்குப் பழகிவிட்டது, விட முடியாது என்றால், அதே விசைகளில் யூனிகோட் தரும் ஈ-கலப்பை போன்ற ஒன்றைப் பாவியுங்கள். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துருவைக் கொடுத்தால் போதும். லினக்ஸில்தான் வில்லங்கம். டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அங்கே தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதில்லை, கொம்புகள் இடம் மாறி நிற்கும். தமிழ்தான் முக்கியம், லினக்ஸும் வேண்டும் என்பவர்களிடம் விண்டோ செய்ய உதவும் இன்னொரு தொகுதியான க்யூட்டிக்கு (Qt) போங்கள் என்றுதான் சொல்வேன்.

கல்முனை: பட்டன், லேபிளை விண்டோவில் இடம்பார்த்து வைக்கும் பேக், கிரிட் இரண்டையும் போட்டால் எரர் வருகிறது.

ஒரே பெற்றோருக்குள், அதாவது ஒரே விண்டோ அல்லது ஃப்ரேமுக்குள், ஒன்றுதான். வெவ்வேறு ஃப்ரேமுக்குள் வெவ்வேறாக வைக்கலாம். கடைப் படிவத்துக்குக் கிரிட் ஒன்றே போதும்.

காத்தான்குடி, துணிக்கடை: வீட்டில் எக்ஸ்ஈ செய்தேன். கடையில் விண்டோஸ் 7, அதில் திறக்கவே இல்லை.

விண்டோஸ் 7ஐ ஏற்கும் கடைசிப் பைதன் 3.8. வீட்டில் அதைவிடப் புதியது இருக்கும், எக்ஸ்ஈ செய்யும் பைஇன்ஸ்டோலர் அதையேதான் உள்ளே பொதிந்துவிடும். கடைக் கணினியிலேயே 3.8 போட்டு அங்கேயே எக்ஸ்ஈ செய்யுங்கள் நானா. ஒற்றை ஃபைலாகச் செய்தால் வைரஸ் காவலன் சிலவேளை கத்தும். ஃபோல்டராகவே விடுங்கள், திறப்பதும் கெதியாகத் திறக்கும்.