எஞ்சின் ஏன் பின்னால்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தீபாவளி விடுமுறையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி மலை ரயிலில் போகிறோம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும்? கரித்தூள் கண்ணில் விழுமா? 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் எதற்கு? நீராவி எஞ்சினைப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதுதான் பெரிய ஏமாற்றம். முன்னால் மாட்டினால் பிள்ளைகள் பார்ப்பார்களே?

– ஒரு வாசகர்

தம்பி,

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியதே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். எந்தப் பக்கம் என்பது டிக்கெட் பார்த்துக்கொள்ளும். திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் கட்டிய எஞ்சின்கள் பல நிலக்கரியில் அல்ல, எண்ணெயில் ஓடுகின்றன. கரித்தூளுக்குப் பயந்து பயணத்தை யோசிக்க வேண்டாம்.

ஆனால் 'ஒளித்து வைத்திருப்பது' என்று எப்படி எழுத மனம் வந்தது? கல்லாறு தாண்டியதும் சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அங்கே எஞ்சின் முன்னால் நின்று இழுத்து, நடுவில் ஒரு கொக்கி அறுந்தால் பெட்டிகள் எங்கே போகும்? மேட்டுப்பாளையத்தை நோக்கித்தான். எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுவதால், எது கழன்றாலும் அதன் மேலேயே வந்து சாயும். உங்கள் பிள்ளைகளை அது தாங்கிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்வழி தெரியாது. அதனால்தான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முன்பெட்டிக்காரர் காட்டும் கொடி பெட்டி பெட்டியாகப் பின்னால் வருகிறது. அந்தக் கொடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கும். நடுவில் பல் வெட்டிய இரட்டைப் பட்டை அதற்காகத்தான். ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம் இருக்கும்; எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் எஞ்சினின் பல்சக்கரத்தின் பிடியில் இருக்கும். பல்பாதையில் நுழையும்போது வண்டி ஊர்ந்தே நுழையும். அவசரப்பட்டால் பல் பல்லின் மேல் ஏறிவிடும். ஏறும்போது வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ஐந்து மணி நேரம் ஏன் என்று கேட்டீர்களே!

ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்பார்கள். செல்ஃபியை விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் வாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். கீழுள்ளது சக்கரத்துக்கு, அதில் உழைத்து வெளிவரும் நீராவி மேலுள்ளதற்குப் போய் பல்சக்கரத்தைச் சுற்றும். பிறகு புகைபோக்கி வழியாகக் காற்றோடு போய்விடும், திரும்பி வராது. அதனால்தான் வழியில் இத்தனை தண்ணீர். பாய்லரில் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் மேல்தகடு காய்ந்தால் பேராபத்து.

தீபாவளி என்றால் ஐப்பசி மழை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் வண்டியே ரத்தாகும். தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள். காலை 7.10-க்கு வண்டி, வேலந்தாவளம் வழியாக விடியலில் ஓடிவராமல் முந்தைய இரவே மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள். குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின்தான். ஊட்டிவரை டிக்கெட் கிடைக்காவிட்டால் குன்னூர்வரை எடுத்துக்கொள்ளுங்கள், நீராவி முழுக்க அந்தப் பாதியில்தான் இருக்கிறது.