மெயிலில் வியாபாரம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். எங்களிடம் வாங்கிய 1,800 பேருக்கு மாதம் ஒரு மெயில் போகிறது. “மெகா ஆஃபர்!!! 20% தள்ளுபடி!!!” என்று போட்டும் பத்து ஆர்டரைத் தாண்டவில்லை. கடித நகலை அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு?
(வாசகி, காங்கயம்)

நகலைப் படித்தோம். “மூன்று தலைமுறையாக எங்கள் நிறுவனம்...” என்று தொடங்கி நான்கு பத்திக்கு உங்கள் பெருமைதான். எண்ணெய் ஐந்தாவது பத்தியில்தான் தலைகாட்டுகிறது. அடியில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என்று ஐந்து பட்டன். எதை அழுத்துவது என்று குழம்புகிறவர் மெயிலை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பட்டனிலிருந்து எழுதத் தொடங்குங்கள். படித்தவர் செய்ய வேண்டிய ஒரே காரியம் எதுவோ அதுதான் பட்டன் வாசகம்: “2 லிட்டர் எடுத்துவைக்கச் சொல்ல”. “இங்கே கிளிக் செய்யவும்” வேண்டாம். அடுத்து, இந்த வாரமே அழுத்த என்ன காரணம்? அதற்கு ஒரு வரி. சந்தேகம் தீர இரண்டு வரி. சப்ஜெக்ட் லைனைக் கடைசியில் எழுதுங்கள். பத்து எழுதி ஒன்பதை அடித்துவிடுங்கள்.

1,800 பேருக்கும் ஒரே கடிதம் என்பது அடுத்த தவறு. உங்கள் பில் புத்தகமே பாதிக் கடிதத்தை எழுதிக் கொடுக்கும். ஒரு வீடு 2 லிட்டர் நல்லெண்ணெயை 40 நாளுக்கொரு முறை வாங்குகிறது என்றால், 30ஆம் நாள் வாக்கில் இப்படி ஒன்று போகட்டும் (முன்னோட்ட வரி என்பது இன்பாக்ஸில் சப்ஜெக்டுக்கு அடுத்துத் தெரியும் வரி):

*சப்ஜெக்ட்: நல்லெண்ணெய் தீரப் போகிறதா?*
*முன்னோட்ட வரி: புதன்கிழமை ஆட்டுகிறோம்*
*வணக்கம். போன மாதம் 2 லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினீர்கள். வரும் புதன்கிழமை எள் ஆட்டி, தெளியவைத்து, திங்கள்கிழமை பார்சல் அனுப்புகிறோம். உங்களுக்கும் எடுத்துவைக்க வேண்டுமானால் செவ்வாய் மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள். வழக்கம்போல் கருப்பட்டி சேர்த்துத்தான் ஆட்டுகிறோம். விலையில் மாற்றமில்லை.*

இதில் தள்ளுபடியே இல்லை, கவனித்தீர்களா? நூறு ரூபாய்ச் சரக்கில் 25 ரூபாய் லாபம் நிற்கிறது என்றால், 20% தள்ளுபடிக்குப் பிறகு கையில் மிஞ்சுவது 5 ரூபாய். பழைய லாபத்தைப் பார்க்க ஐந்து மடங்கு விற்றாக வேண்டும். எப்படியும் வாங்கப் போகிறவருக்குத் தள்ளுபடியை ஏன் கொடுக்கிறீர்கள்? இன்னொன்று: செவ்வாய் 6 மணி என்றால் 6 மணிதான். ‘இன்றே கடைசி’ என்று எழுதிவிட்டு நாளைக்கும் அதே விலைக்கு விற்றால், அடுத்த கெடுவை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: 900 பேரை பி.சி.சி.யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு ஜிமெயிலிலிருந்து அனுப்புகிறேன். பாதி மெயில் ஸ்பாமில் விழுகிறது. ‘இலவசம்’, ‘ஆஃபர்’ போன்ற சொற்களை எடுத்தால் சரியாகுமா?
(வாசகர், ஈரோடு)

ஆகாது. உங்கள் சிக்கல் சொல்லில் இல்லை, அனுப்பும் முறையில். தனிநபர் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. சொந்த டொமைனில் (உங்கள் கடைப் பெயரிலான இணைய முகவரி) ஒரு மெயில் முகவரி உண்டாக்கி, மொத்த மெயில் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அங்கே போயும் அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியையே வைத்தால், போலி என்று மறுபடி ஸ்பாமுக்குத்தான் போகும்.

டொமைன் அமைப்பில் மூன்று பதிவுகள் வேண்டும். எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பது எஸ்.பி.எஃப். மெயிலில் விழும் டிஜிட்டல் முத்திரை டி.கே.ஐ.எம். சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு (கூகுள் கணக்கில் நாளொன்றுக்கு சுமார் 5,000 மெயில்) 2024இல் கூகுளும் யாஹூவும் இம்மூன்றையும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கிவிட்டன. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! உங்கள் எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

புது டொமைனில் முதல் நாளே 900 பேருக்கு அனுப்பாதீர்கள். அண்மையில் வாங்கிய 50 பேரிடம் தொடங்கி, சில வாரங்களில் கூட்டிக்கொண்டே போங்கள். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் கலந்திருந்தால் அதைத் தனியே எடுத்துத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: சப்ஜெக்ட் லைன் தமிழில் எத்தனை எழுத்து இருக்கலாம்? பெயர் சொல்லி அழைக்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

எழுத்தை எண்ணுவதைவிட, சாதாரண ஆண்ட்ராய்டு போனில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. முதல் மூன்று சொல்லில் விஷயம் வந்துவிட வேண்டும். முன்னோட்ட வரியைக் காலியாக விட்டால், “மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் பார்க்க” என்ற வரி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெயர் விஷயத்தில் நம் மொழிக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. மென்பொருள் பெயரை அப்படியே ஒட்டும். நீங்கள் ‘க்கு’ சேர்த்து வைத்தால் செல்விக்குச் சரி. குமார் ‘குமார்க்கு’ ஆவார், ராஜா ‘ராஜாக்கு’ ஆவார். பெயருக்குப் பின்னால் காற்புள்ளி வருமாறு மட்டும் எழுதுங்கள். இன்ஷியலை முன்னால் எழுதுகிறவர்கள் நாம் என்பதால், பட்டியலின் முதல் பெயர்க் கட்டத்தில் இன்ஷியல் உட்கார்ந்திருக்கும். “வணக்கம் கே,” என்று போவதைவிட வெறும் வணக்கமே மேல்.

கேள்வி: அன்சப்ஸ்கிரைப் லிங்கை (இனி மெயில் வேண்டாம் என்று விலகும் இணைப்பு) சிறிய எழுத்தில், வெளிர் நிறத்தில் வைக்கலாமா?
(வாசகி, மதுரை)

கூடாது. விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். மேலே சொன்ன ஆயிரத்தில் மூவர் இப்படித்தான் சேர்கிறார்கள். நீங்கள் மறைக்காமலே அது மறையவும் கூடும்: மெயிலின் பின்னணிக் குறியீடு (code) 102 கேபி அளவைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிடுகிறது, அடியிலிருக்கும் லிங்கும் கூடப் போகிறது. ‘கோ’ என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட் ஆகும். வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் வேண்டாத குறியீடும் சேர்ந்துகொள்ளும். நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: ஓப்பன் ரேட் (மெயிலைத் திறந்தவர் விகிதம்) 55% காட்டுகிறது. 300 பேரில் இரண்டு சப்ஜெக்ட் லைனைச் சோதித்ததில் ஒன்றை 80 பேரும் மற்றதை 85 பேரும் திறந்தார்கள். இரண்டாவதுதான் சிறந்ததா?
(வாசகர், கோவை)

ஐந்து பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரும். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, பயனர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதுவும் ‘திறந்தார்’ என்றே கணக்காகும். லிங்கை அழுத்தியவர், பதில் போட்டவர், பணம் கட்டியவர் ஆகிய மூன்று எண்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 300 பேர் பட்டியலில் சப்ஜெக்ட் லைனை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பதை விட்டுவிட்டு, ஆர்டர் செய்யாத பத்துப் பேருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.