ஸ்காப்பா ஃப்ளோ: குளிர்கடலில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களின் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகள் சூழ்ந்த இயற்கைத் துறைமுகம் ஸ்காப்பா ஃப்ளோ. முதல் உலகப் போர் ஓய்ந்ததும் ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்களை இங்கே காவலில் நிறுத்தியிருந்தார்கள். 1919 ஜூன் 21 அன்று அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் சைகை கொடுக்க, ஜெர்மன் மாலுமிகளே 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். பின்னாளில் பெரும்பாலானவை இரும்புக்காக மேலே எடுக்கப்பட்டன. எஞ்சிய ஏழு பெரிய கப்பல்களைப் பற்றித்தான் கேள்விகள்.

திருகோணமலையில் 40 டைவ் செய்திருக்கிறேன் அண்ணா. ஏப்ரலில் நேரே ஆர்க்னி போகலாமா?

வேண்டாம். நீங்கள் பழகியது 28 டிகிரித் தண்ணீர். ஏப்ரலில் இங்கே 7 டிகிரி. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் 13 வரை ஏறும், அப்போது வாருங்கள். அதற்கு முன் ட்ரை சூட்டில் (தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிரப்பும் முழு உடை) பத்து டைவாவது ஆழம் குறைந்த இடத்தில் முடித்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று காலுக்கு ஓடித் தலைகீழாகத் தூக்கினால், உடலைச் சுருட்டி ஒரு கரணம் போட்டு நிமிர்ந்து, தோள் வால்வைத் திறக்கும் வித்தை யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். மூழ்க உதவும் ஈய எடை எவ்வளவு வேண்டும் என்பதைச் சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அலகு) மட்டும் இருக்கும்போது 3 மீட்டரில் நின்று பாருங்கள். முழுச் சிலிண்டரோடு சரிபார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: இரட்டை 12 லிட்டரில், அதாவது இணைத்த இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்களில், நிரம்பிய காற்றே ஆறு கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போயிருக்கும், நீங்கள் மிதப்பீர்கள்.

ரெகுலேட்டர் உறைந்துவிடும் என்கிறார்களே, 7 டிகிரித் தண்ணீர் எப்படி உறையும்?

கடல் உறையாது, ரெகுலேட்டரின் உள்ளே உறையும். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுக்கு ஏற்றபடி குறைக்கும் கருவி: சிலிண்டரில் மாட்டுவது முதல் நிலை, வாயில் வைப்பது இரண்டாம் நிலை. 200 பார் அழுத்தக் காற்று முதல் நிலையில் சட்டென்று விரியும்போது பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர்கிறது. சிலிண்டர் காற்றில் ஈரம் இருந்தாலோ, உங்கள் மூச்சின் ஈரம் இரண்டாம் நிலையில் படிந்தாலோ அது பனியாகி வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டும். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும். ஆகவே தானாக நிற்காது.

ரெகுலேட்டரில் ‘10 டிகிரிக்கு மேல்’ என்று பொருள்படும் குறி பொறித்திருந்தால் அது இந்தத் தண்ணீருக்கானது இல்லை. முதல் நிலை நீர் புகாதபடி மூடப்பட்ட வகையாக இருக்கட்டும். படகின் மேல்தளத்தில் குளிர்காற்றில் நின்று மூச்சிழுத்துச் சோதிக்காதீர்கள், பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். நீருக்குள் சூட்டுக்குக் காற்று விடும் அதே நொடியில் மூச்சிழுக்காதீர்கள். சிறு சிறு தட்டலாக விடுங்கள். சூட்டை ஒரு முதல் நிலையிலும், மிதவை ஜாக்கெட்டை மற்றதிலும் இணையுங்கள்.

அப்படியும் கொட்டினால் மற்ற ரெகுலேட்டருக்கு மாறி, கொட்டுகிற பக்கத்து வால்வை மூடுங்கள். சற்று நேரத்தில் பனி கரையும். ஆனாலும் டைவ் அதோடு முடிந்தது.

ஒற்றை 12 லிட்டர் சிலிண்டர் போதாதா சார்? தூக்க எளிதாக இருக்கிறதே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மீட்டரில் அழுத்தம் 4.5 பார். ஒருவருக்கு நிமிடம் 20 லிட்டர் என்றால் அங்கே 90 லிட்டர் செலவு. துணைவருக்குக் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் ஏறுவதாக வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், கீழே 2 நிமிடம், ஏற 4 நிமிடம், 6 மீட்டரில் நிறுத்தம் 3 நிமிடம். மொத்தம் ஏறக்குறைய 1,500 லிட்டர். இரட்டை 12 லிட்டரில் இது 62 பார், 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையில் 125 பார்! 230 பாரில் இறங்கினால் மிச்சம் 105, அதாவது இறங்கும் நேரத்தையும் சேர்த்து 14 நிமிடம். அவ்வளவு தூரம் போய் 14 நிமிடம் பார்ப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். காற்று கொட்டினால் மாறிக்கொள்ள இரண்டாவது வால்வும் அதில் இருக்காது.

முதலில் எந்தக் கப்பல்?

கார்ல்ஸ்ரூஹ. அடித்தளம் 26 மீட்டர்தான். அடுத்து கோல்ன், டிரெஸ்டன், ப்ரும்மர் ஆகிய க்ரூசர்கள் (இலகுவான, வேகமான கப்பல்கள்), 36 மீட்டர் அளவில். இவை பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதால் கப்பல் கப்பலாகவே தெரியும். போர்க்கப்பல்கள் மூன்றும், அதாவது கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், கவிழ்ந்து கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் பாசி படிந்த ஒரு குன்று, அவ்வளவுதான். 30.5 சென்டிமீட்டர் பீரங்கிகளைப் பார்க்க க்ரோன்பிரின்ஸின் விளிம்புக்கு அடியில், தரையை ஒட்டிப் போக வேண்டும். முதல் நாளே அதற்கு ஆசைப்படாதீர்கள்.

நைட்ராக்ஸ் எத்தனை சதவீதம்?

நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று. ஆழத்தில் அந்த ஆக்ஸிஜனின் அழுத்தம் மிஞ்சினால் ஆபத்து. அதற்கான 1.4 பார் வரம்பில் 32 சதவீதம் 33 மீட்டர் வரை, 28 சதவீதம் 40 வரை, 25 சதவீதம் 46 வரை. க்ரூசருக்கு 28, போர்க்கப்பலுக்கு 25. சிலிண்டரை வாங்கியதும் நீங்களே அளந்து பாருங்கள்.

உள்ளே நுழையலாமா?

அதற்கான பயிற்சி இல்லையென்றால் நுழையாதீர்கள். நூறாண்டுத் துரு, அதன்மேல் மாவு போன்ற வண்டல். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை பட்டால் வந்த வழி மறைந்துவிடும். நீங்கள் விடும் குமிழிகளே கூரைத் துருவை உதிர்க்கும்.

ஞாபகார்த்தமாக ஏதாவது எடுத்து வரலாமா? ராயல் ஓக்கையும் பார்க்கலாமா?

இரண்டுக்கும் இல்லை. இந்த ஏழும் சட்டப் பாதுகாப்பு பெற்ற நினைவுச்சின்னங்கள், ஒரு ஆணியும் எடுக்கக் கூடாது. ராயல் ஓக் 1939 அக்டோபர் 14 அன்று யு-47 நீர்மூழ்கியால் வீழ்த்தப்பட்ட பிரிட்டிஷ் கப்பல். நூற்றுக்கணக்கானோருக்கு அதுவே கல்லறை. விளையாட்டு டைவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது.

கை விறைக்காமல் இருக்க என்ன வழி அண்ணா?

மணிக்கட்டில் அடைத்துக்கொள்ளும் உலர் கையுறை, உள்ளே கம்பளிக் கையுறை. கொக்கிகளையும் வால்வுகளையும் அந்தக் கையுறையோடே கரையில் பழகிக்கொள்ளுங்கள். கழுத்தும் தலையும் மூடியிருக்கட்டும். இன்னொன்று: கீழே வெதுவெதுப்பாக இருந்துவிட்டு, ஏறும்போது நிறுத்தத்தில் நடுங்குவதுதான் மோசமான நிலை. வெப்பத்தில் ரத்த ஓட்டம் கூடி நைட்ரஜன் தாராளமாக உடம்பில் ஏறும், குளிரில் ஓட்டம் சுருங்கி வெளியேற மறுக்கும். கீழே இருக்கும்போதே விரல் மரத்தால் ஷாட் கயிற்றை (மிதவையிலிருந்து கப்பல் வரை இறக்கிய கயிறு) பிடித்து ஏறத் தொடங்குங்கள். சிறுநீர் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இறங்குகிறவர்கள் உண்டு. உடல் வறண்டால் டிகம்ப்ரஷன் ஆபத்து, அதாவது ஏறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும் ஆபத்து, கூடும். டயபர் கட்டிக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம், படகில் பாதிப்பேர் கட்டியிருப்பார்கள்.