குவாரி வெடியால் சுவர் வெடித்தால், பூசுவதற்கு முன்...

கேள்வி: தம்பலகாமம் பக்கம் எங்கள் வீடு. கூப்பிடுதூரத்தில் கருங்கல் குவாரி. வெடி வைத்தால் ஜன்னல் அதிர்கிறது, குசினிச் சுவர் வெடித்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் கலங்கல். போய்க் கேட்டால் "எங்களிடம் பெர்மிட் இருக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்தப் பெர்மிட்டில்தான் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் தரும் அனுமதிப்பத்திரம் நிபந்தனைகளோடுதான் வரும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பெறும் உரிமமும் அப்படியே. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டுக்கும் பிரதி கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அதுவரை சுவரைப் பூச வேண்டாம். பூசிவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சாட்சியைச் சீமெந்துக்குள் புதைத்துவிட்டார்களே என்று. வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடுத்த வெடிக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி திகதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம். வெடிச்சத்தம் கேட்ட நேரத்தைக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

அப்புறம், பிரதேச செயலகத்துக்குப் பிரதியோடு பணியகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பதிவுத்தபாலில் முறைப்பாடு அனுப்புங்கள். வெறுமனே "குவாரியை மூடு" என்று எழுதாமல், உங்கள் வீட்டு வாசலில் அதிர்வுமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரே நொடியில் வெடிக்கிற மருந்தின் அளவுதான் அதிர்வைக் கூட்டுகிறது. குழிகளைச் சிறு இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக வெடிக்கச் செய்தால் அதிர்வு குறையும். குழிவாயைச் சல்லியால் இறுக அடைத்தால் கல் பறப்பதும் குறையும். இதெல்லாம் குவாரிக்காரருக்குத் தெரிந்த வேலைதான், செலவும் நேரமும் என்பதால் தட்டிக் கழிப்பார்கள். நிபந்தனையில் இருந்தால் கழிக்க முடியாது.

அசையாவிட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத்தொல்லை என்று அயலவர்கள் சேர்ந்து நீதவான் நீதிமன்றம் போகலாம். சுவருக்கான நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில். அதற்குக் காலவரையறை 2 வருடம், எனவே முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

இடையில் யாராவது ஒரு தொகையைக் கையில் வைத்து "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கோ அக்கா" என்று தாளை நீட்டினால், போடாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பணவசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.