எந்த இரவு?

கேள்வி: ஜார் மன்னரைக் கவிழ்த்துவிட்டு, ஒரே இரவில் ரஷ்யாவைப் பொதுவுடைமை நாடாக்கினாரே லெனின், அது எப்படிச் சாத்தியமாயிற்று? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: லெனின் ஒரே இரவில் மாற்றினார் என்று துணிந்து சொல்லத்தக்கது நாட்காட்டி. 1918 ஜனவரி 31 அன்று உறங்கப்போன ரஷ்யர்கள் கண் விழித்தபோது பிப்ரவரி 14 ஆகியிருந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கு 13 நாள் பின்தங்கியிருந்த பழைய கணக்கை அவருடைய அரசு ஓர் ஆணையால் ஒழித்தது. இடையில் பிறந்தநாள் வந்தவர்களுக்கு அவ்வாண்டு வயது ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடன்பட்டவர்கள் அப்படித் தப்ப முடியவில்லை. காணாமற்போன நாட்களில் விழும் தவணைகளை 13 நாள் தள்ளிச் செலுத்த வேண்டும் என்று அந்த ஆணையிலேயே எழுதிவைத்தார்கள். ஜார் அரசு அந்நிய நாடுகளில் வாங்கிய கடன்கள் செல்லாது என்று அதே வாரத்தில் அறிவித்தவர்களும் இவர்களே. அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடுவது ஏன் என்று ஆண்டுதோறும் எழுதிக் கேட்கும் வாசகர்களும் இதையே பதிலாகக் கொள்க. இனி வரும் தேதிகள் புதிய கணக்குப்படி.

ஜாரைக் கவிழ்த்தவர் லெனின் அல்லர். நம் மேடைப் பேச்சாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான் பகை தேடிக்கொண்டதுதான் மிச்சம். 1917 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அன்றைய தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் நெசவாலைப் பெண்கள். ஐந்தாம் நாள், கூட்டத்தைச் சுட மறுத்த படைவீரர்கள் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். பதவி விலகுவதே நல்லது என்று போர்முனைத் தளபதிகளே தந்தியடித்த பிறகு, மார்ச் 15 அன்று, பிஸ்கோவ் ரயில் நிலையத்தில் தம் ரயில் பெட்டியில் அமர்ந்தபடி இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். மறுநாள் அவருடைய தம்பி மிக்காயேலும் முடியை மறுத்துவிட, 1613 முதல் ஆண்ட ரோமனோவ் வம்சம் முடிந்தது. லெனின் அப்போது சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இருந்தார். வரவிருக்கும் புரட்சியின் தீர்க்கமான போர்களைக் காண எங்களைப் போன்ற முதியவர்கள் உயிரோடு இருக்க மாட்டோம் என்ற பொருளில், அவ்வாண்டு ஜனவரியில்தான் அங்குள்ள இளைஞர்களிடம் பேசியிருந்தார். முதியவருக்கு வயது 46!

ஏப்ரலில் ஜெர்மனி வழியாக அவர் வந்து சேர்ந்தபோது, முடியாட்சிக்குப் பின் அமைந்த தற்காலிக அரசு மன்னர் விட்டுச்சென்ற உலகப் போரையே தொடர்ந்துகொண்டிருந்தது. நிலப் பங்கீட்டையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது. அமைதி, நிலம், ரொட்டி என்று முழங்க லெனினுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அவருடைய போல்ஷெவிக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய நவம்பர் 7 இரவைக் காவியமாக்கியது பிற்காலத் திரைப்படம். அன்று மாலை நகரில் டிராம்கள் ஓடின, நாடக அரங்குகள் இயங்கின; ஆட்சித் தலைவர் கெரென்ஸ்கி காலையிலேயே காரில் வெளியேறியிருந்தார்; புரட்சியாளர் பக்கம் நின்ற அரோரா போர்க்கப்பல் சுட்டதோ வெற்று வெடி.

என்னைக் கேட்டால், முக்கியமான இரவு 1918 ஜனவரி 18. நாடு தழுவிய தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு. உழவர்களின் பேராதரவு பெற்ற சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியே முதலிடத்தில் இருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை அன்று மாலை கூடியது. விடிவதற்குள், காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலைந்து செல்லுங்கள் என்று ஒரு மாலுமி வந்து தலைவரிடம் சொன்னார். மறுநாள் உறுப்பினர்கள் திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. அந்த மாலுமி போல்ஷெவிக் அல்லர், எந்த அரசும் கூடாது என்னும் அராஜகவாதி என்பதை மேடையில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் கதவு பூட்டப்பட்ட பிறகும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தாண்ட வேண்டியிருந்தது. 1917-இல் புரட்சியின் பெருமை எனப் போற்றப்பட்ட குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகள், 1921 மார்ச்சில் சோவியத்துகள் எனப்பட்ட தொழிலாளர், படைவீரர் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்டபோது, போல்ஷெவிக் அரசு உறைந்த கடல்மீது படை அனுப்பி அவர்களை அடக்கியது. அதே மாதம் கூடிய கட்சியின் பத்தாவது மாநாடு கட்சிக்குள் தனிக்குழுக்கள் கூடாது என்று தடை விதித்தது. உழவரிடம் தானியம் பறிமுதல் செய்வதைக் கைவிட்டு, அதற்குப் பதில் வரி வாங்கும் முறையை ஏற்றுக்கொண்டது. மிஞ்சிய தானியத்தை உழவர்கள் சந்தையில் விற்றுக்கொள்ள வழி பிறந்தது. ஆக, 1922 டிசம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் உருவானபோது, ஆட்சிக் கட்சி ஒன்றுதான். கடைத்தெருவிலோ தனியார் வியாபாரம் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தது.