கீமோவுக்குப் பின் கை கால் எரிச்சல்: எந்தக் களிம்பு எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு பாக்லிடாக்செல் கீமோ முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. பாதம் மரத்திருக்கு, ராத்திரி எரியுது. எந்த ஆயின்ட்மென்ட் நல்லது?

பதில்: கீமோ நரம்பைப் பாதிப்பதால் வருவது இது. எரிச்சலும் குத்தலும் களிம்பில் குறையலாம். மரத்துப்போனது எந்தக் களிம்பிலும் திரும்பாது. அதற்காகக் காசைக் கொட்டாதீர்கள். எரிச்சலுக்கு 1% மென்தால் கிரீமில் தொடங்கலாம். காலையும் இரவும் பாதத்தில் தடவ வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வலிக்கிற இடத்துக்குப் போகும் நரம்பு கிளம்புகிற முதுகுப் பகுதியிலும் தடவினார்கள். பாதத்துக்கு அது கீழ்முதுகு. பலருக்கு வலி குறைந்தது, ஆனால் மருந்தில்லாத வெறும் கிரீமோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நாலு முதல் ஆறு வாரம் பாருங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறி, குளிர் பட்டாலே குத்துகிறவர்கள் முதலில் சின்ன இடத்தில் தடவிப் பார்க்கவும். குளிரை உணரும் அதே வாசலைத்தான் மென்தாலும் தட்டுகிறது.

கேள்வி: காப்சைசின் கிரீம் போட்டா நெருப்பா எரியுது. அலர்ஜியா?

பதில்: பெரும்பாலும் இல்லை, மிளகாய்க் காரம்தான் அது. முதல் ஒன்றிரண்டு வாரம் எரியும். பலர் பயந்து தினம் ஒரு தடவையாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது எரிச்சல் மட்டும் மிஞ்சும், பலன் வராது. விடாமல் பட்டால்தான் நரம்பு நுனி அடங்கும். 0.075% கிரீமை தினம் மூன்று நான்கு முறை, மெல்லிய பூச்சாக, கையுறை போட்டுத் தடவுங்கள். வெந்நீர்க் குளியலுக்கு முன்னும் பின்னும் வேண்டாம். எங்காவது ஒட்டிவிட்டால் தண்ணீரில் போகாது: எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்பு. புண், வெடிப்பு மேல் கூடவே கூடாது. கொப்புளமோ தடிப்போ வந்தால் நிறுத்துங்கள். காப்சைசினின் 8% பேட்ச்சை ஆஸ்பத்திரியில் மட்டும்தான் ஒட்டுவார்கள். பாதத்துக்கு 30 நிமிடம்.

கேள்வி: லிக்னோகெயின் பேட்ச் நாள் முழுக்க ஒட்டலாமா?

பதில்: கூடாது. இது அந்த இடத்தை மரக்கச் செய்யும் மருந்து. 5% பேட்ச் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். மேலே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். மருந்து அதிகமாக உள்ளே இறங்கும்.

கேள்வி: கேபெசிடாபின் சாப்பிடுறேன். உள்ளங்கை சிவந்து தோல் உரியுது. இதுக்கும் காப்சைசினா?

பதில்: வேண்டவே வேண்டாம். இது நரம்பு வலி இல்லை, கேபெசிடாபின் என்ற கீமோ மாத்திரையால் வரும் தோல் பாதிப்பு. மாத்திரை தொடங்கும்போதே 1% டைக்ளோஃபெனாக் ஜெல்லை தினம் இருமுறை தடவியவர்களில், நடுத்தரமாகவோ கடுமையாகவோ இது வந்தது 3.8% பேருக்கு, வெறும் ஜெல் தடவியவர்களில் 15%. தில்லி எய்ம்ஸ் ஆய்வு, 2024இல் வெளியானது. அது தடுப்பதற்கு. உங்களுக்கு ஏற்கெனவே உரிவதால் இன்றைக்கே புற்றுநோய் டாக்டரைக் கூப்பிடுங்கள்; டோஸை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டியிருக்கலாம்.

கேள்வி: அமிட்ரிப்டிலின், கெட்டமைன் கலந்த ஜெல்?

பதில்: 462 பேரிடம் ஆறு வாரம் பார்த்ததில் வெறும் கிரீமைவிட மேலாக இல்லை. களிம்பில் அடங்காத வலிக்கு டுலாக்செடின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டுலாக்செடின் அதன் வேலையைக் குறைக்கலாம்.