மிட்டிலீனி விவாதத்தில் டியோடோட்டஸ் பக்கம் பேச

ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து சரணடைந்த மிட்டிலீனி நகரத்தை என்ன செய்வது என்பதுதான் இந்த விவாதம். ஆண்கள் எல்லோரையும் கொல்லச் சொன்னவர் ஏதென்ஸ் தலைவர் கிளியோன், வேண்டாம் என்று வாதாடியவர் டியோடோட்டஸ். கல்லூரி விவாதத்தில் கிளியோனுக்கு எதிராக டியோடோட்டஸாகப் பேசப்போகிறீர்கள், இரக்கத்தை வைத்து எழுதிய உரை எடுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரக்கத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். அது பேரரசுக்குக் கேடு என்று கிளியோன் முன்பே சொல்லிவிட்டார். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தரும் உரையில் டியோடோட்டஸும் இரக்கத்துக்காக இசையச் சொல்லவில்லை.

அவர் பேசியது ஏதென்ஸின் லாபத்தை. சரணடைந்தாலும் சாவுதான் என்றால், இனிக் கலகம் செய்யும் எந்த நகரமும் கடைசிவரை சண்டை போடும். முற்றுகைச் செலவு ஏறும். மிஞ்சும் பாழூரிலிருந்து கப்பம் வராது. அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. மிட்டிலீனியின் சாதாரண மக்கள், ஆயுதம் கைக்கு வந்ததும் நகரை ஒப்படைக்க வைத்தவர்கள். அவர்களையும் கொன்றால், மற்ற நகரங்களின் எளிய மக்கள் இனி யார் பக்கம் நிற்பார்கள்? உரையின் உச்சத்தை இங்கே வையுங்கள்.

தொடக்கமும் முக்கியம். கி.மு. 427இல் அந்த நகரத்து ஆண்கள் எல்லோரையும் கொல்லும் ஆணையோடு கப்பல் முந்தின நாளே கிளம்பிவிட்டது. உரையைக் கேட்கும் ஏதென்ஸ் சபையினர் நேற்று அதற்குக் கை தூக்கியவர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்றால் காதை மூடிக்கொள்வார்கள். டியோடோட்டஸ் போல, அவசரமும் கோபமும் நல்ல முடிவுக்கு எதிரி என்று ஆரம்பியுங்கள்.

அப்புறம், முடிவு பற்றி நடுவர் கேட்கலாம். டியோடோட்டஸ் மயிரிழையில் வென்றார். கொலை ஆணையை நிறுத்த அனுப்பிய இரண்டாவது கப்பலில் ஆட்கள் முறைவைத்துத் தூங்கி, துடுப்புப் போட்டபடியே சாப்பிட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும், கலகத்துக்கு முக்கியக் காரணமானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்த 1000 பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் கிளியோனின் தீர்மானப்படி கொல்லப்பட்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.